மோதிர விரல்

அத்தியாயம் பதினான்கு

மருந்துக்கடை வாசலில் எல்வீராவை நிற்கவைத்துவிட்டுப் போன வாரம் பிரிந்தோம். "உங்க அண்ணன் கை இப்போ தேவலையா?" என்று கடைக்காரப் பெண் யதார்த்தமாகத்தான் கேட்டாள். காய்ச்சல், இருமல் என்று சொல்லி ஒத்திகைகளுக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்த அண்ணன் ஃபெர்மின், கையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கிட்டார் வாசிக்கிறவர்கள் வீட்டில் 'கை' என்ற சொல்லுக்கு எடை அதிகம். நெஞ்சு வலிக்கிறது என்றால் உட்காரவைத்து விசாரிப்பார்கள். கை வலிக்கிறது என்றால் எழுந்து ஓடுவார்கள்.

எல்வீராவும் ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை காலை. நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கச்சேரி.

அல்மெரியா ஊரின் மேல் வானம் செங்கல் நிறத்தில் கவிந்திருந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்துப் பாலைவனத்திலிருந்து கிளம்பி வந்த புழுதி. நிறுத்தியிருந்த கார்கள், மொட்டைமாடியில் காய்ந்த துணிகள், எலுமிச்சை மரத்து இலைகள் எல்லாவற்றின்மீதும் மாவு சலித்தது போலப் படிந்திருந்தது. முகக்கவசத்தை அழுத்திப் பிடித்தபடி அண்ணன் வீட்டு மாடிப்படி ஏறினாள்.

ஃபெர்மின் கதவைத் திறந்தான். கறுப்புச் சட்டையை அதற்குள் மாட்டியிருந்தான்.

"வா வா. வானம் பூரா மண்ணு. மழைன்னு நெனச்சு, மழை நாள்ல எல்லாரும் பண்ற ரவை மிகாஸ் கிண்டலாமான்னு பாத்துட்டிருந்தேன்."

"கையைக் காட்டு."

"ஜோசியம் பாக்கப் போறியா? ஆயுள் ரேகை கெட்டின்னு ஏற்கெனவே ஒருத்தி சொல்லிட்டா."

"அண்ணா, விளையாடாத. மருந்துக்கடையில எல்லாம் சொல்லிட்டாங்க."

கடைக்காரி அப்படி எதையும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொய் வேலை செய்தது. ஃபெர்மினின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. உள்ளே போய்க் கிட்டாரை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

"பாரு. வாயால சொன்னா நம்ப மாட்டே."

வலது கையைத் தந்திகளின்மேல் வைத்தான். கட்டைவிரல் இறங்கியது, சரி. ஆட்காட்டி விரல், சரி. நடுவிரல், சரி. மோதிர விரலின் முறை வந்ததும் அது தந்தியைத் தொடவேயில்லை. தொட்டால் சுருண்டுகொள்ளும் மரவட்டை போல உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. மறுபடி வாசித்தான். மறுபடியும் மடங்கியது.

"வலிக்குதா?"

"வலிச்சா எவ்வளவோ தேவலை. காபி கோப்பையைத் தூக்கலாம், சட்டைக்குப் பொத்தான் போடலாம், எல்லாம் பண்ணும். தந்தியைக் கண்டாத்தான் மடங்கிக்குது. டிஸ்டோனியான்னு பேரு. கையில கோளாறே இல்லையாம். மண்டைக்குள்ள அந்த விரலுக்குன்னு இருந்த இடம் அழிஞ்சுபோச்சாம். பார்சிலோனா டாக்டர் படம் வரைஞ்சு காட்டினார்."

"எப்போலேர்ந்து?"

"போன கோடையில ஆரம்பிச்சது. நாலு பேர் வாசிக்கிற உருப்படியில எல்லாம் அந்த விரல் இல்லாமலே சமாளிக்கிறேன். விரல் முறையை மாத்தி மாத்தி எழுதி வெச்சுருக்கேன். உனக்கே தெரியல பாரு."

தெரியவில்லைதான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் வாசிக்கிறவளுக்குத் தெரியவில்லை. எல்வீராவுக்கு அது தன் தவறு போலச் சுருக்கென்றது.

"அப்போ 'ஊற்று'?"

ஃபெர்மின் கிட்டாரைச் சுவரில் சாய்த்தான்.

'ஊற்று' இவர்களுடைய தாத்தா பல்தசார் எழுதியது. கட்டைவிரல் தனியாகப் பாட்டைச் சொல்லிக்கொண்டு போகும். மற்ற மூன்று விரல்களும் மேலே ஒரே தந்தியை இடைவிடாமல் தட்டித் தட்டி, தண்ணீர் சுரப்பது போல இழை அறாத ஒலியை எழுப்பும். அந்தத் தட்டலை ஒவ்வொரு தடவையும் தொடங்கிவைப்பது மோதிர விரல். பெரெங்கெல் குடும்பம் எங்கே மேடையேறினாலும் 'ஊற்று' உண்டு. அதை வாசிப்பது மூத்த பிள்ளை. பல்தசாருக்குப் பிறகு அப்பா கொஸ்மே, அவருக்குப் பிறகு ஃபெர்மின். எல்வீரா சிறு வயதில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதை வாசித்துப் பழகியதுண்டு. யாரும் அவளை வாசிக்கச் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

இன்றைய கச்சேரியோடு அப்பா கொஸ்மே மேடைக்கு விடை கொடுக்கிறார். குளிர்காலத்தில் நெஞ்சைத் திறந்து தைத்தார்கள். தொண்டையிலிருந்து குழாயை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "'ஊற்று'க்கு ஃபெர்மின் தயாரா?" என்பதுதான்.

"அப்பாகிட்ட இப்பவே போய்ச் சொல்லிடலாம்," என்றாள் எல்வீரா.

"இன்னைக்கா? காலையில மாத்திரை போட்டுட்டு, நகத்துக்குப் பாலிஷ் போட்டுட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருப்பார். அவர்கிட்டப் போய், 'உங்க பையன் கை போச்சு'ன்னு சொல்றியா? சொல்லு, நானும் வர்றேன்."

எல்வீரா எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இசித்ரோகிட்டப் பேசிட்டேன்," என்றான் ஃபெர்மின், ஜன்னலைப் பார்த்தபடி.

இசித்ரோதான் இன்றைய கச்சேரியின் இணைய நேரலைக்கு ஒலி பார்க்கிறவன். ஃபெர்மினோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

"என்ன பேசினே?"

"பழைய ரெக்கார்டு ஒண்ணு இருக்கு, 'ஊற்று'. நான் வாசிச்சதுதான். என் முறை வரும்போது அதை ஓட்டிடுவான். நான் சும்மா தந்தி மேல கையை ஆட்டிட்டு உக்காந்திருப்பேன். கேமரா இடது பக்கத்துலேர்ந்து. அரங்கத்துல ஈ காக்கா கிடையாது. யாருக்குத் தெரியும்?"

எல்வீரா எழுந்தே விட்டாள்.

"நேரலைன்னு சொல்லி உலகம் பூரா கூப்பிட்டுட்டு ரெக்கார்டை ஓட்டுவியா? புத்தி பிசகிப்போச்சா உனக்கு?"

"நான் வாசிச்சதுதானே எல்வீ? வேற எவனோ வாசிச்சதையா திருடறேன்?"

"அப்பா பக்கத்துலயே இருப்பாரு!"

"என் முறைக்கு நீங்க மூணு பேரும் உள்ள போயிடுவீங்க. ஒப்பனை அறையில டிவி இருக்கு. அதுல கேப்பார். சந்தோஷமா கேப்பார். இன்னைக்கு ஒரு நாள் மட்டும். அவர் நிம்மதியா கிட்டாரைக் கீழ வைக்கட்டும். நாளைக்குக் காலையில நானே போய்ச் சொல்லிடறேன். சத்தியம்."

அவன் குரல் உடைந்தது. அண்ணன் அழுது எல்வீரா பார்த்ததில்லை, அம்மா இறந்தபோதுகூட.

"எனக்கு இதுல சம்மதம் கிடையாது," என்றாள். "ஆனா சொல்ல மாட்டேன்."

படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரில் இருந்த புழுதி முழுவதும் அவள் உள்ளங்கையில் ஒட்டியது. சம்மதமில்லை, ஆனால் சொல்ல மாட்டேன். இதற்குப் பெயர் என்ன என்று அவளுக்கே விளங்கவில்லை.

* * *

துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள சின்ன நாடக அரங்கம். ஒரு காலத்தில் மீனவர் சங்கக் கூடம். சிவப்பு நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. தொற்றுக் காலத்துக் கெடுபிடி இன்னும் தளரவில்லை. ஜப்பானில் ராச்சாப்பாட்டு நேரம், மெக்சிகோவில் விடிந்தும் விடியாத நேரம். அங்கெல்லாம் இவர்களுக்காகத் திரை முன்னால் ஆட்கள் காத்திருந்தார்கள்.

ஒப்பனை அறையில் கொஸ்மே பெரெங்கெல் வலது கை நகங்களை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் தேய்ப்பதைப் பார்த்தால் வைரம் பட்டை தீட்டுகிறவர் தோற்றுப்போவார்.

"தாத்தா, ஒசாகாவுலேர்ந்து ஒருத்தர் உங்க படத்தை வரைஞ்சு அனுப்பியிருக்கார்," என்று போனை நீட்டினாள் கந்தேலா. எல்வீராவின் மகள். பாசெலில் இசைக் கல்லூரியில் படிக்கிறாள். இந்தக் கச்சேரிக்காகவே வந்திருந்தாள். "மூக்கைக் கொஞ்சம் தாராளமாவே போட்டிருக்கார்."

"போடட்டும். உன் பாட்டி மயங்கினதே இந்த மூக்குலதான்."

கந்தேலா சிரித்தாள். எல்வீராவுக்குச் சிரிப்பு வரவில்லை. கொஸ்மே தேய்ப்பதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார்.

"உனக்கு ஏன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"புழுதிப்பா. மூச்சு முட்டுது."

"ஃபெர்மின் எங்க?"

"வர்றான்."

"காய்ச்சல் விட்டுதா அவனுக்கு?"

"ம்."

"'ம்'னா என்னம்மா அர்த்தம்? விட்டுதா, விடலையா?"

"விட்டுதுப்பா."

கொஸ்மே திரும்பவும் நகத்தைத் தேய்க்கலானார். அந்தச் சர்க் சர்க் ஒலி எல்வீராவின் பல்லுக்குள் போய் இறங்கியது. இப்போது சொன்னால் என்ன? இதோ, இந்த நிமிடம். கந்தேலாவை வெளியே அனுப்பிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு. சட்டைக் காலருக்கு மேலே அவர் நெஞ்சுத் தழும்பின் நுனி இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தது. அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

தாழ்வாரத்தில் கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு இசித்ரோ எதிரே வந்தான். அவளைக் கண்டதும் பார்வையைத் தரைக்கு இறக்கினான்.

"ஃபெர்மின் சொல்லிட்டானா உங்ககிட்ட?"

"சொன்னான்."

"எனக்கும் பிடிக்கலைங்க. ஆனா அவன் கேட்டா நான் எப்படி மாட்டேன்னு சொல்றது? அவன் தலையைக் குனிஞ்சா நான் ரெக்கார்டுக்கு மாத்திடணும். அவ்வளவுதான் ஏற்பாடு. மேல கண்ணாடி அறையில காதை மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன். எனக்கு அரங்கத்துச் சத்தமே கேக்காது."

"நீங்க எதையும் சொல்லல. நான் எதையும் கேக்கல," என்றாள் எல்வீரா.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். காலையிலிருந்து இது மூன்றாவது முறை என்று அவளுக்கு உறைத்தது: வாயை மூடிக்கொண்டு மூடிக்கொண்டு அவளும் இந்த ஏற்பாட்டில் ஓர் ஆளாகிவிட்டிருந்தாள்.

* * *

கேமரா மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

நான்கு நாற்காலிகள் அரை வட்டமாக. இடது ஓரம் கொஸ்மே, அடுத்து ஃபெர்மின், எல்வீரா, வலது ஓரம் கந்தேலா. கொஸ்மே மூச்சை இழுத்தார். நால்வரும் அந்த மூச்சில் தொடங்கினார்கள்.

எல்வீரா வாழ்க்கையில் முதன்முறையாக அண்ணனின் கையைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். இத்தனை நாள் அவனை அவள் காதால்தான் அறிந்திருந்தாள். இன்று கண்ணால் பார்த்தாள். நான்கு விரல் வேலையை மூன்று விரல்களால் செய்துகொண்டிருந்தான். நடுவிரல் தந்தி விட்டுத் தந்தி தாவியது. கட்டைவிரல் மேலே ஏறி வந்து பாரம் தாங்கியது. மோதிர விரல் உள்ளங்கைக்குள் ஒளிந்து கிடந்தது. காதுக்கு ஒரு குறையும் இல்லை. அவன் காதோரம் மட்டும் வியர்வை கோடு போட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் உருப்படி முடிந்தது. எழுந்து காலி நாற்காலிகளுக்கு வணக்கம் சொன்னார்கள். கைதட்டல் இல்லாத அந்த மௌனம் கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு ஓசைக்காகக் காத்திருப்பது போல இருந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது.

அடுத்தது 'ஊற்று'.

கந்தேலா எழுந்து உள்ளே போனாள். நேரலையில் நண்பர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கும் அவசரம் அவளுக்கு. எல்வீரா கிட்டாரோடு எழுந்து திரைச்சீலை ஓரம் வரை வந்து திரும்பிப் பார்த்தாள்.

அப்பா எழவில்லை.

ஃபெர்மின் அவரை நோக்கிக் குனிந்தான். "அப்பா, நீங்க உள்ள போகணும்," என்று அவன் முணுமுணுத்தது எல்வீராவுக்குக் கேட்டது.

"கம்பி வழியா வர்ற சத்தம் எனக்கெதுக்குடா? கடைசித் தடவை. பக்கத்துல உக்காந்து கேக்கறேன். நீ பாட்டுக்கு வாசி."

நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்கு நகர்த்தி, கேமராவில் படாத ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தார். கிட்டாரை மடியில் கிடத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ரெக்கார்டு நேரலையில் மட்டும்தான் கேட்கும். அண்ணன் கையை மட்டும் ஆட்டினால் இந்த அரங்கத்தில் ஒரு சத்தமும் வராது. கண்ணை மூடியிருக்கும் அப்பாவுக்கு மௌனம்தான் கேட்கும். மகன் ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று கண்ணைத் திறப்பார். ஓசையில்லாமல் தந்திகள்மேல் ஓடும் கையைப் பார்ப்பார்.

ஃபெர்மினுக்கும் அது புரிந்துவிட்டது. ஒரு கணம் திரைச்சீலைப் பக்கம் பார்த்தான். தண்ணீரில் விழுந்தவன் கரையைப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு, வாசிக்கப்போகும் போதெல்லாம் செய்வது போலத் தலையைக் குனிந்தான். கையைத் தந்திமேல் வைத்தான்.

வாசித்தான். நிஜமாகவே வாசித்தான்.

முதல் சில அடிகள் தப்பிப் பிழைத்தன. கட்டைவிரல் பாட்டை எடுத்துக் கொடுத்தது. மேலே தட்டல் நடுங்கியபடி தொடங்கியது. எல்வீரா மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒருவேளை முடியுமோ? ஒருவேளை இன்றைக்கு மட்டும்?

விரல் மடங்கியது. ஒலி நொண்டியது. ஃபெர்மின் நின்று, முதலிலிருந்து தொடங்கினான். அதே இடத்தில் மறுபடியும் மடங்கியது.

அவன் மூன்றாம் முறை முயலவில்லை. உள்ளங்கையை விரித்துத் தந்திகள்மேல் வைத்துச் சத்தத்தை அணைத்தான். அப்படியே உட்கார்ந்திருந்தான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது.

கொஸ்மே கண்ணைத் திறந்தார்.

அந்தச் சில நொடிகளில் தான் என்ன நினைத்தாள் என்று எல்வீராவுக்குப் பிற்பாடு நினைவில்லை. அவள் மேடையில் நடந்துகொண்டிருந்தாள். தன் நாற்காலியை அண்ணன் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாட்டை நீ எடு," என்றாள் அவன் காதருகே. "தட்டலை நான் பாத்துக்கறேன்."

"எல்வீ, இது ரெண்டு பேர் வாசிக்கிறது இல்ல."

"தெரியும். கட்டைவிரல் மட்டும் போதும் உனக்கு. எடுடா."

அண்ணனை அவள் 'டா' போட்டது அதுவே முதல் தடவை.

ஃபெர்மினின் கட்டைவிரல் இறங்கியது. எல்வீராவின் மூன்று விரல்களும் அதன் மேலே ஓடின. தொடக்கத்தில் அவள் முந்தினாள், அவன் துரத்திப் பிடித்தான். நடுவில் ஓரிடத்தில் அவள் வழி மறந்தாள். அவன் அதே அடியைத் திரும்ப ஒரு முறை வாசித்து அவள் வந்து சேரும்வரை காத்திருந்தான். அதற்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னால் அவள் வாசித்த அந்தப் பாட்டு இத்தனை பெரியது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

கடைசி ஒலி அடங்கிய பின்னும் இருவரும் அசையவில்லை. ஓரத்திலிருந்து ஒரே ஓர் ஆளின் கைதட்டல் கேட்டது. கொஸ்மே பெரெங்கெல் நின்றுகொண்டு தட்டிக்கொண்டிருந்தார்.

* * *

இடைவேளை. ஒப்பனை அறைக் கதவைக் கொஸ்மேயே சாத்தினார். மகனை உட்காரவைத்து, எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு, அவன் வலது கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்தார். மோதிர விரலை மெல்ல நீட்டி மடக்கிப் பார்த்தார்.

"டாக்டர்கிட்டப் போனியா?"

"போனேன்பா."

"சரியாகுமா?"

"யாருக்கும் தெரியல. சில பேருக்கு ஆகுமாம்."

"ஏன் என்கிட்ட மறைச்சே?"

"உங்க நெஞ்சு..."

"என் நெஞ்சுக்கு என்ன? நல்ல நூலாத்தான் தச்சிருக்காங்க. பிரியாது." கையை விடாமலே பேசினார். "மேடையில பாதியில நிக்கறது எப்பேர்ப்பட்ட விஷயம்னு எனக்குத் தெரியும்டா. நாக்கைப் பிடுங்கிக்கலாம்னு இருக்கும். நீ நின்னே. மழுப்பாம, கையை வெச்சுட்டு, முடியலைன்னு உக்காந்திருந்தே. யாரையும் ஏமாத்தல. எனக்கு அது போதும். 'ஊற்று' எங்க போயிடப் போகுது? இதோ, தங்கச்சி வாசிக்கிறாளே."

எல்வீரா தலையைத் தூக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக அவள் எதிர்பார்த்திருந்த வார்த்தை. அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ள முடியாமல் நின்றாள்.

ஃபெர்மினின் முகம் வெளிறியது. "அப்பா, ஒரு விஷயம்..."

கதவு திறந்தது. கந்தேலா. கையில் போன். அவள் யாரையும் பார்க்காமல் மாமாவை மட்டும் பார்த்தாள்.

"மாமா, உங்க கை நின்னுபோச்சு," என்றாள். "ஆனா சத்தம் நிக்கல."

"என்ன உளர்றா இவ?" என்றார் கொஸ்மே.

எல்வீராவுக்கு அப்போதுதான் விளங்கியது. வாசிக்கத் தொடங்குமுன் ஃபெர்மின் தலையைக் குனிந்தான். எப்போதும் போலத் தலையைக் குனிந்தான். மேலே கண்ணாடி அறையில் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த இசித்ரோ, சொன்ன சொல் தவறாமல் மாற்றிவிட்டான்.

"நீங்க நிறுத்தினப்புறமும் 'ஊற்று' ஓடிக்கிட்டே இருந்துச்சு," என்றாள் கந்தேலா. "கை தந்தி மேல சும்மா கிடக்குது, பாட்டு ஒரு பிசிறு இல்லாம போகுது. அம்மா வந்து உக்கார்ற வரைக்கும். அப்புறம் டக்குன்னு சத்தம் மாறுது. எல்லாரும் பாத்துட்டாங்க. அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஊரெல்லாம் அனுப்பிட்டிருக்காங்க. என் கிளாஸ்ல ஒருத்தன், 'உங்க மாமா கையில்லாமலே வாசிக்கிறாரே'ன்னு கேக்கறான்."

கொஸ்மே கையை நீட்டினார். கந்தேலா தயங்கி, போனைக் கொடுத்தாள்.

அவர் போனைக் காதருகே வைத்துக்கொண்டு கேட்டார். பிறகுதான் படத்தைப் பார்த்தார். மறுபடி காதருகே வைத்தார்.

"இது போன வருஷம் பலகை வெடிச்சுப்போன உன் பழைய கிட்டாரோட சத்தம்," என்றார்.

ஃபெர்மின் சொன்னான். எதையும் விடாமல், சுருக்கமாக. இசித்ரோவை இழுத்துவிட்டது தான்தான் என்றும் சொன்னான். கொஸ்மே குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் மகளைப் பார்த்தார்.

"உனக்கு?"

"காலையிலேர்ந்து தெரியும்பா."

"கேட்டேனே. மூஞ்சி ஏன் இப்படி இருக்குன்னு கேட்டேனே."

அவள் அழுதாள். அவர் திட்டியிருந்தால் அழுதிருக்கமாட்டாள்.

மணி அடித்தது. இரண்டாம் பாதிக்கு அழைப்பு. கொஸ்மே எழுந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். கிட்டாரை எடுக்கவில்லை.

"நீங்க மூணு பேரும் இங்கேயே இருங்க."

"தாத்தா, அடுத்தது நாலு பேர் வாசிக்கிறது," என்றாள் கந்தேலா.

"தெரியும்."

அவர் போய்விட்டார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, அவர் சொன்னதை மீறி, திரைச்சீலை ஓரத்துக்கு ஓடினார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. நான்கு காலி நாற்காலிகளில் ஒன்றில் கொஸ்மே உட்கார்ந்தார். வெறுங்கையோடு அவரைப் பார்க்கச் சட்டை போடாத ஆளைப் பார்ப்பது போல இருந்தது. கிட்டாருக்காக வைத்திருந்த ஒலிவாங்கியைப் பிடித்துத் தன் வாய்க்கு நேரே வளைத்தார். வாழ்நாள் முழுக்க மேடையில் ஒரு சொல் பேசாத மனிதர். அறிவிப்பெல்லாம் முன்பு அம்மா, பிறகு எல்வீரா.

"வணக்கம்," என்றார். குரல் கரகரத்தது. "கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி நீங்க பாத்தது நிஜம். கேட்டதுல பாதி நிஜமில்ல. அந்தப் பாதியைப் பத்திச் சொல்லத்தான் வந்திருக்கேன். எங்க வீட்டுல..."

அங்கே நின்றுவிட்டார். வார்த்தை கிடைக்கவில்லையா, மூச்சு கிடைக்கவில்லையா என்று தெரியவில்லை. ஒரு கை நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டது.

"அண்ணா," என்று எல்வீரா பதறிப்போய்ப் பக்கத்தில் திரும்பினாள்.

ஃபெர்மின் அங்கே இல்லை. அவன் ஏற்கெனவே வெளிச்சத்துக்குள் நடந்துகொண்டிருந்தான். அப்பாவுக்கு அருகே வந்து, ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினான். வலது கையைத் தூக்கி, கேமராவுக்கு நேராகக் காட்டினான்.

"இதை நான்தான் சொல்லணும்," என்றான்.